அட்மின் மட்டும் பேசலாம்

பள்ளிக்கூடம், சேரி, செல்போன்: சில விமர்சனக் குறிப்புகள்

1

முதலில் ஒரு பிரதியை வாசித்துவிடுவோம். கதை இல்லை, கவிதை இல்லை. ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோர்களின் செல்போனுக்கு இரவு ஒன்பதேகாலுக்கு வந்த செய்தி:

‘அன்பார்ந்த பெற்றோர்களே! தங்கள் பிள்ளையின் ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தக நகல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை நாளை காலை 10 மணிக்குள் தவறாமல் ஒப்படைக்கவும். தவறினால் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல.’

இலக்கியப் பத்திரிகையில் இதற்கெல்லாமா விமர்சனம் என்று கேட்கலாம். சங்கப் பாட்டுக்கு உரை எழுதுகிறவர்கள் எழுதட்டும். எங்கள் தென்னேரிக் காலனியில் வருஷம் முழுக்க ஒரு எழுத்து விடாமல் வாசிக்கப்படுகிற தமிழ் இதுதான். படிக்கத் தெரியாத வீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். ரெண்டாவது தடவையும் வாசிக்கச் சொல்கிறார்கள். எந்த எழுத்தாளனுக்கு இப்படி வாசகர்கள் கிடைத்திருக்கிறார்கள்? இவ்வளவு வாசகர்கள் உள்ள ஒரு பிரதியை விமர்சனம் கண்டும் காணாமல் போவது நியாயமில்லை.

இதில் பேசுவது யார்? கையெழுத்து இல்லை. ‘தங்கள்’ என்று மரியாதையில் தொடங்கி ‘தவறினால்’ என்று மிரட்டலில் முடிகிறது. வியங்கோளுக்கு வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று பொருள் சொல்லி எம்.ஏ.வில் படித்தோம். இங்கே ‘ஒப்படைக்கவும்’, ‘அனுப்பவும்’, ‘வரவும்’, ‘கட்டவும்’ எல்லாமே விதித்தல். அந்தக் குரூப்பில் ஆறு மாதத்துச் செய்திகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒரு கேள்விக்குறிகூட இல்லை. உங்க பொண்ணு ஏன் ரெண்டு நாளா வாடிப்போய் வருது, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்க ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆறு மாதத்தில் எதுவுமே தோன்றவில்லை.

கேட்டிருந்தாலும் பதில் சொல்ல வழியில்லை. பதில் எழுதவேண்டிய இடத்தில் இன்னொரு வரி இருக்கிறது: ‘அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்.’

என் கணக்கில் முழுப் பிரதிக்கும் பொருள் அந்த வரியில்தான் இருக்கிறது.

2

அந்தக் குரூப் எப்பவும் அப்படி இருந்ததில்லை. 2024 வரைக்கும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அது மூடப்பட்ட கதையில் எனக்கும் பங்குண்டு. அதனால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தென்னேரி வாலாஜாபாத் பக்கம் இருக்கிறது. ஊர்ப் பேரே ஏரியால் வந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று எங்களுடையது. ஏரித் தண்ணி பாய்கிற நிலம் யாருடையது, அந்த நிலத்தில் நடவு நடுகிறவர்கள் யார் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலனியில் சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். நானும் இன்னும் ரெண்டு தோழர்களும். அங்கே எட்டாவது படிக்கிற ஒரு பெண் வரும். நன்றாகப் படிக்கிற பிள்ளை. ஒருநாள் கையில் கொப்புளம். என்ன என்று கேட்டதற்கு, ‘துடப்பம்’ என்றது. தினமும் வகுப்பைப் பெருக்குவது, கக்கூஸுக்குத் தண்ணி ஊற்றுவது. கூடச் செய்கிற பிள்ளைகள் யார் யார் என்று கேட்டேன். சொன்ன நாலு பேரும் காலனிப் பிள்ளைகள்.

அதனுடைய அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு நாள் கூலியை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகவும் முடியாது. நான்தான் சொன்னேன்: ‘எழுதத் தெரியாட்டி என்னக்கா, இந்த மைக்கை அமுக்கிப் புடிச்சிக்கினு பேசு, அது போயிடும்.’ அவர் பேசினார். அந்தப் பேச்சு இன்னும் என் செல்போனில் இருக்கிறது.

‘சார், வணக்கம் சார். எட்டாவது படிக்கிற பொண்ணோட அம்மா பேசறேன் சார். எம் பொண்ணு தெனம் கிளாஸ் பெருக்கறேன்னு சொல்லுது. கக்கூஸுக்கும் தண்ணி ஊத்துதாம். பெருக்கட்டும் சார், தப்பில்ல. வூட்லயும்தான் பெருக்குது. எல்லாப் பசங்களும் பெருக்குதான்னு மட்டும் சொல்லுங்க சார். காலனிப் பசங்க மட்டும்தான்னா, இன்னாத்துக்கு சார்?’

இவ்வளவுதான். கெட்ட வார்த்தை இல்லை. சத்தம்கூடப் போடவில்லை. நாலு ‘சார்’ போதும் என்கிற இடத்தில் ஆறு ‘சார்’ போட்டுத்தான் பேசினார். முதலில் ஒருத்தர் சிரிக்கிற பொம்மை போட்டார். இன்னொருத்தர், ‘இது படிப்பு சம்பந்தமான குரூப்’ என்று எழுதினார். பெருக்குவது படிப்பு சம்பந்தப்பட்டதில்லை என்று அவருக்காவது தெரிந்திருக்கிறதே! முக்கால் மணி நேரத்தில் அந்த வாய்ஸ் நீக்கப்பட்டது. அதற்குக் கீழே அந்த வரி வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் வகுப்பில் பையன்கள் அந்த அம்மாவின் குரலை அப்படியே நடித்துக் காட்டியிருக்கிறார்கள். ‘இன்னாத்துக்கு சார், இன்னாத்துக்கு சார்’ என்று. நீக்குவதற்கு முன்னால் யாரோ வீட்டில் கேட்டிருக்கிறார்கள், பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பிள்ளை மூணு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மாவிடம் ஒரே கேள்விதான் கேட்டதாம்: ‘நீ ஏம்மா பேசுன?’

துடப்பம் கொடுத்தவர்களைக் கேட்கவேண்டிய கேள்வி, பேசின அம்மாவின் மேல் வந்து விழுந்துவிட்டது. நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்வியால்தான்.

3

பள்ளிக்கூடத்துக்கும் சேரிப் பெற்றோருக்கும் நடுவில் என்ன இருந்தது, இருக்கிறது என்று நம்முடைய எழுத்துகள் ஏற்கெனவே சொல்லியிருக்கின்றன. ‘பள்ளியில் சாதிக் கொடுமை’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிற பழக்கம் நம் விமர்சகர்களிடமும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்றை மட்டும் பிரித்துப் பார்க்கலாம்.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. தென்னை மரத்தில் விளையாடியபோது பிஞ்சு ஒன்று விழ, திருடியதாகப் பழி வருகிறது. தலைமையாசிரியர் பள்ளிக்குள் விடமாட்டேன் என்கிறார். சிறுமி பாதிரியாரிடம் போய்க் கடிதம் வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் உள்ளே போக முடிகிறது. நான் கவனிப்பது அந்தக் கடிதத்தை. பெற்றவர்களின் சொல் செல்லாது. ஒரு அதிகாரியின் எழுத்துதான் செல்லும். அதே புத்தகத்தில் இன்னொரு இடம்: தனிப் பாடம் நடத்தப்போவதாகச் சொல்லி அரிஜனப் பிள்ளைகளை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். உதவி என்ற பெயரில் சாதி எல்லார் முன்னாலும் காட்டிக்கொடுக்கப்படுகிறது.

ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூதன்’ 1997இல் இந்தியில் வந்தது. உத்தரப்பிரதேசத்தில் ஒரு கிராமப் பள்ளி. படிக்கப் போன பையனைத் தலைமையாசிரியர் நாள்கணக்கில் மைதானத்தைப் பெருக்க வைக்கிறார். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த அப்பா அதைப் பார்த்துவிடுகிறார். மகன் கையிலிருந்த துடப்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தலைமையாசிரியரை நேருக்கு நேர் கேட்கிறார். அப்பனையும் மகனையும் வெளியே துரத்துகிறார்கள். ஊர்த்தலைவர் தலையிட்டுத்தான் பையன் மறுபடி உள்ளே போகிறான். ஆனால் அந்தப் பையன் பிற்பாடு எழுத்தாளன் ஆனபோது மறக்காமல் வைத்திருந்தது அப்பாவின் குரலை. அங்கே கடிதம் இல்லை, இடையில் யாரும் இல்லை.

மூன்றாவது, மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’, 2018. அப்பாவைக் கூட்டி வரச் சொல்லுகிற கல்லூரிக்குப் பரியன் முதலில் வேறு யாரையோ அப்பாவாக நடிக்கக் கூட்டிப் போகிறான். தியேட்டரில் சிரித்தார்கள். அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பது உண்மையான அப்பா வரும்போது தெரிகிறது. பெண் வேஷம் கட்டி ஆடுகிற கூத்துக் கலைஞர் அவர். கல்லூரி வளாகத்திலேயே மாணவர்கள் அவர் வேட்டியை உருவி ஓட விடுகிறார்கள். ‘அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா’ என்பது ஊர்த்தெருப் பையனுக்குக் கொடுக்கிற தண்டனை என்றால், சேரிப் பையன் விஷயத்தில் அது அவன் அப்பனுக்குக் கொடுக்கிற தண்டனையாக மாறுகிறது. பிள்ளைக்கு இது தெரியும். அதனால்தான் அப்பாவை ஒளித்து வைக்கிறான்.

ஆகவே மூன்றும் ஒன்றில்லை. ஒன்றில் கடன் வாங்கிய எழுத்து பேசுகிறது. ஒன்றில் அப்பாவின் சொந்தக் குரல் பேசுகிறது. ஒன்றில் அப்பாவின் உடம்பையே மறைக்கவேண்டியிருக்கிறது. இப்போது செல்போனை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். போன் இருந்தால் யாரும் நேரில் வரவேண்டாம், வேட்டி உருவப்படாது, வாசலில் நிற்கவேண்டாம் என்று நானும் நம்பினேன். குரல் மட்டும் போனால் போதும், சாதி பார்க்க உடம்பு இருக்காதே என்று நினைத்தேன். குரலிலேயே சாதி பார்ப்பார்கள் என்று ‘இன்னாத்துக்கு’ என்ற ஒரு சொல்லில் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

4

கருவி ஒன்று எங்கள் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தையும் இழுத்துப் பிடித்து விளையாடுவது காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்துக்குப் புதிசில்லை. செல்போனுக்கு முன்னால் தறி இருந்தது.

காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை என்பார்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தனித்தனி நாடாவில் ஓட்டி ரெண்டையும் கோர்க்கவேண்டும். நெய்கிறவர் ஒருத்தரால் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் ரொம்ப காலம் ஒரு பிள்ளையாக இருந்தது. கல்யாணச் செலவுக்கோ வைத்தியத்துக்கோ அட்வான்ஸ் வாங்கின வீட்டுப் பிள்ளை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்துவிட்டது. அதற்கப்புறமும் 2003இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது காஞ்சிபுரம் அதில் இருந்தது. தலித் பிள்ளைகள் அதில் இருந்தார்கள்.

எங்க அண்ணன் அப்படி உட்கார்ந்தவன்தான். ஐந்தாவதோடு நின்றான். அவனைத் தேடி ஒரு வாத்தியார் வீட்டுக்கு வந்தார். அப்பா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ‘இல்லைன்னு சொல்லு’ என்றார். அட்வான்ஸ் வாங்கின அப்பனுக்கு வாத்தியார் முகத்தைப் பார்க்கக் கூச்சம். அந்தக் காலத்தில் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று ரிப்போர்ட் எழுதினார்கள். அக்கறைக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு தறி கிடந்ததை எழுதவில்லை.

தறியைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கும். எந்த இழை மேலே தூக்கப்படவேண்டும், எது கீழே கிடக்கவேண்டும் என்று அந்த அட்டை முடிவு செய்யும். 1804இல் பிரான்சில் வந்தது. அதே மாதிரி ஓட்டை அட்டைகளை வைத்துத்தான் 1890இல் அமெரிக்காவில் ஜனத்தொகையை எண்ணினார்கள். ஓட்டை அட்டை அங்கிருந்து கம்ப்யூட்டருக்குள் போனது. எங்க அண்ணன் தலைக்கு மேலே தொங்கின அட்டையின் பேரப்பிள்ளைதான் இன்றைக்கு அவன் மகளைப் பள்ளிக்கூடத்தில் எண்ணுகிற இயந்திரம். எந்த இழை தூக்கப்படும் என்கிற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

5

2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. இடையில் பள்ளிக்கூடம் என்றால் போன், பள்ளிக்கூடம் என்றால் டிவி. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருந்தது. சிலருக்கு அது உதவியாகவும் இருந்தது. ஆனால் டிவி கேள்வி கேட்டால் பதில் சொல்லாது.

எங்கள் காலனியில் அநேக வீட்டில் ஒரே போன். அந்த ஒரு போனும் அப்பாவோடு ஒரகடம் கம்பெனி ஷிப்டுக்குப் போய்விடும். ராத்திரி பத்து மணிக்கு அவர் திரும்பி வந்து, பாட்டரி இருந்து, நெட் மிச்சமிருந்தால் பிள்ளைக்குப் படிப்பு. இது எங்கள் காலனிக் கதை மட்டுமில்லை. 2021 ஆகஸ்டில் ஜான் திரேஸ், ரீத்திகா கேரா முதலானவர்கள் ஒருங்கிணைத்து, தமிழ்நாடு உள்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் வறிய குடும்பங்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. கிராமப்புறத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்த பிள்ளைகள் 8 சதவீதம். தலித், ஆதிவாசிப் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 4 சதவீதம். மற்ற கிராமப் பிள்ளைகள் 15 சதவீதம். அதே ஊர், அதே வறுமை, அதே நெட். அப்படியும் நாலுக்கும் பதினைந்துக்கும் நடுவில் இருப்பது என்ன? அதற்குப் பெயர் டவர் கோளாறு இல்லை.

வீட்டில் போன் இருந்தால் ஆயிற்றா என்றால் அதுவும் இல்லை. 2021 அசர் ஆய்வின்படி 67.6 சதவீதப் பிள்ளைகளின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. அந்த வீடுகளிலும் நாலில் ஒரு பிள்ளைக்கு அது கையில் கிடைக்கவில்லை. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2020 ஜூன் 1 அன்று, ஆன்லைன் வகுப்புகள் தொடங்கிய முதல் நாளே, ஒரு தலித் மாணவி உயிரை விட்டாள். வீட்டில் டிவி ரிப்பேர், ஸ்மார்ட்போன் இல்லை. அப்பன் கூலித் தொழிலாளி. நூறு சதவீதம் எழுத்தறிவு பேசுகிற மாநிலம் அது.

அந்த நாட்களில்தான் பள்ளிக்கூடம் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டது என்று நினைக்கிறேன். பெற்றோரைப் பார்க்காமலே பெற்றோரிடம் பேசலாம். திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

எதிர் உதாரணமும் அதே காலத்தில் இருக்கிறது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு நம் தெருப் பெண்கள் சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். அந்தத் திட்டத்தின் மேல் எனக்கு விமர்சனங்கள் உண்டு. வாத்தியார் வேலையை மலிவுக்கு வாங்குவது முதல் விமர்சனம். ஆனால் ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். திண்ணையில் நடந்த வகுப்பில் அம்மாக்கள் கூடவே உட்கார்ந்தார்கள். ‘இவன் இன்னாத்துல மக்கு, சொல்லும்மா’ என்று கேட்டார்கள். சொல்லிக்கொடுக்கிற பெண் பதில் சொன்னது. அதற்கு ஓடிபி தேவைப்படவில்லை.

6

ஓடிபியைப் பற்றி.

இன்றைக்கு அரசுப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் என்கிற கல்வி மேலாண்மைத் தகவல் முறையில் ஒரு நம்பர். வருகை, மதிப்பெண், புத்தகம், சீருடை எல்லாம் அதில் ஏறுகிறது. 2024இல் பெற்றோரின் போன் நம்பர்களை ஓடிபி வாங்கிச் சரிபார்த்தார்கள். எஸ்.சி. மாணவர்களின் மெட்ரிக் மேல்நிலை உதவித்தொகை 2021க்குப் பிறகு ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போகிறது. நடுவில் எவனும் திருடக்கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். நடுவில் திருடினவர்களை நாம் அறிவோம்.

ஆனால் அந்தப் பாதையில் நடந்து பாருங்கள். சாதிச் சான்றிதழ் இ-சேவை மையத்தில். வருமானச் சான்றிதழ் இ-சேவை மையத்தில். ஆதாரில் ‘ன்’ ஒரு மாதிரி, பள்ளி ரெக்கார்டில் ஒரு மாதிரி இருந்தால் திருத்தம். பேங்கில் ஆதார் சேரவில்லை என்றால் பேங்க். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி. ஒவ்வொன்றிலும் ஒரு ஓடிபி. பழைய நம்பர் ரீசார்ஜ் பண்ணாமல் போய்விட்டால் அந்த ஓடிபி எங்கேயோ போய் விழுகிறது. ஒரு அக்கா சொன்னார்: ‘எம் பையன் எப்படிப் படிக்கிறான்னு இஸ்கூல்ல ஒருநாளும் கேட்டதில்ல தம்பி. நம்பர் வந்துச்சா, நம்பர் வந்துச்சான்னுதான் கேக்கறாங்க.’

பெற்றோர் என்ற உறவு ஆறு இலக்க எண்ணைப் படித்துச் சொல்லுகிற வேலையாகச் சுருங்கியிருக்கிறது. வாத்தியார்களையும் நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த விரும்பவில்லை. அவர்களும் பாடம் நடத்துகிற நேரத்தில் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு டவருக்காக மரத்தடிக்கு ஓடுகிறார்கள். மேலேயிருந்து அவர்களுக்கு வருகிற குரூப்பிலும் அட்மின் மட்டும்தான் பேசுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். இது கெஞ்சி வாங்கின இடம் இல்லை, சட்டம் கொடுத்த நாற்காலி. தீர்மானங்களைச் செயலியில் ஏற்றவேண்டும் என்பதும் நடைமுறை. தீர்மானம் ஏறுகிறது. அதைப் பேசினது யார், பேசவிட்டது யார் என்பது எந்தச் செயலியிலும் ஏறுவதில்லை.

7

போன் ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. நாங்குநேரி, 2023 ஆகஸ்ட்.

பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவன் பள்ளிக்குப் போகாமல் நின்றான். ஏன் வரவில்லை என்று விசாரித்தபோதுதான் கூடப் படிக்கிற ஆதிக்க சாதி மாணவர்கள் செய்த கொடுமை வெளியே வந்தது. புகார் பள்ளிக்குப் போனது. அதற்கடுத்து நடந்ததை நாடே அறியும். இரவு வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள்.

இங்கே பள்ளி விசாரித்தது, வீடு பதில் சொன்னது, புகார் போய்ச் சேர்ந்தது. தகவல் தொடர்பு என்று பாடப்புத்தகம் சொல்கிற எல்லாம் நடந்தது. நடக்காதது ஒன்றுதான். வாய் திறந்தவனுக்குப் பாதுகாப்பு. புகார் எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு வேகமாக அரிவாளும் வரும் என்றால், எந்தத் தாய் பிள்ளையிடம் ‘சொல்லு’ என்று சொல்லுவாள்?

இதையொட்டி அமைந்த நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, சாதியைச் சொல்லிப் பிள்ளைகளைக் கூப்பிடக்கூடாது, சாதிக் கயிறு கூடாது, பள்ளி வளாகத்தில் மாணவர்கள் செல்போன் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. ‘கருக்கு’வில் எழுந்து நிற்கச் சொன்ன வகுப்புக்கு 32 வருஷம் கழித்து வந்த பதில் இது. வரவேற்போம். ஆனால் பையன் கையிலிருக்கிற செல்போனைப் பிடுங்கினால் அதிலிருக்கிற சாதிப் பெருமைப் பாட்டு போய்விடுமா? அது சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அப்பன் போனில் ஸ்டேட்டஸாக ஓடுகிறது. போன் அந்தப் பையனுக்குப் புதுசாகச் சாதியைக் கற்றுத்தரவில்லை. வீடு கற்றுத்தந்ததைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் வர வழி செய்தது.

8

இதையெல்லாம் சொன்னால் கருவியே வேண்டாம் என்கிறாயா என்று தோழர்கள் கேட்பார்கள். இல்லை. பழைய காலமே பொற்காலம் என்று பாட நமக்கு ஒரு காரணமும் இல்லை. பழைய காலத்தில் நம்மைத் திண்ணைப் பள்ளிக்கு உள்ளேயே விடவில்லை.

நம்முடைய ஆட்கள் கருவியைக் கண்டு பயந்தவர்களும் இல்லை. நம்ம செங்கல்பட்டுச் சீமையில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்று பெயர் வைத்தே பத்திரிகை நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். பாபாசாகேப் அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’ தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று பொருள். அச்சு இயந்திரம் அன்றைக்கு எல்லாருக்கும் கிடைக்கிற சாமான் இல்லை. அதைக் கைப்பற்றி, நம்மைப் பற்றிப் பிறர் எழுதினது போதும், நாங்கள் எழுதுகிறோம் என்றார்கள். ஒரு கருவி நமக்கு ஆகுமா ஆகாதா என்று பார்க்க அவர்கள் விட்டுப்போன அளவுகோல் அதுதான்: அதில் நாம் பேச முடிகிறதா, அல்லது நம்மிடம் பேசப்படுகிறதா?

இந்த அளவுகோலில் பள்ளிக்கூட குரூப் தோற்கிறது. நூறு பேரை ஊமையாக்கி வைத்துவிட்டு ‘அன்பார்ந்த பெற்றோர்களே’ என்றால் அது அன்பு இல்லை.

9

அந்த அம்மாவின் விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

வாய்ஸ் போய்விட்டது என்றதும் மனு எழுதிக் கொடுக்கலாம் என்றேன். உட்கார்ந்து எழுதினேன். ‘மேற்காண் பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவருவது யாதெனில்’ என்று போட்டேன். படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: ‘நல்லாத்தான் கீது தம்பி. ஆனா இது நான் பேசுன மாதிரி இல்லையே. நீ பேசுன மாதிரியும் இல்ல.’

எனக்குச் சுருக்கென்றது. பேச்சுத் தமிழில் இலக்கியம் எழுதலாமா என்று ‘கருக்கு’வைக் கேட்டவர்களோடு மேடையில் சண்டை போட்டவன் நான். ஒரு தாயின் ‘இன்னாத்துக்கு’வை மனுவில் எழுதக் கை வரவில்லை. வகுப்பில் நடித்துக் காட்டின பையன்களுக்கும் எம்.ஏ. படித்த எனக்கும் அந்தக் கணத்தில் என்ன வித்தியாசம்? அவர்கள் கேலி செய்தார்கள், நான் திருத்தினேன்.

கிழித்துப் போட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘காலனிப் பசங்க மட்டும்தான்னா, இன்னாத்துக்கு சார்?’ என்று அப்படியே. நாலு பெண்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். தலைமையாசிரியர் மனுவை வாங்கி உரக்க வாசித்தார். அந்த வரியில் ஒரு நொடி நின்றார். அப்புறம் அதையும் வாசித்தார். ஒரு வாரத்தில் வகுப்புச் சுவரில் பெருக்குகிற முறைப் பட்டியல் ஒட்டினார்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளின் பெயரும் அதில் இருந்தது. கக்கூஸ் வேலை நின்றது. குரூப் மட்டும் திறக்கவில்லை. இன்றைக்கும் அட்மின் மட்டும்தான்.

இதை வெற்றி என்று எழுதிவிட்டு முடிக்க ஆசையாக இருக்கிறது. முடியவில்லை. அந்தப் பெண் இப்போது ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறது, படிக்கிறது. ஆனால் பள்ளியில் நடப்பதை அம்மாவிடம் சொல்வதில்லை. ‘இன்னிக்கு இன்னா நடந்துச்சு’ என்று கேட்டால், ‘ஒண்ணும் இல்ல’ என்கிறதாம். அம்மா பேசிவிடுவாரோ என்று பயம். பள்ளிக்கும் பெற்றோருக்கும் நடுவில் பூட்டுப் போட்டார்கள். அந்தப் பூட்டு தாய்க்கும் மகளுக்கும் நடுவிலும் விழுந்துவிட்டது. இதற்கு எந்தப் பட்டியலை எந்தச் சுவரில் ஒட்டுவது?

ஒரு வேலை மட்டும் தோழர்களிடம் கேட்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கிற நாளைத் தெரிந்துகொண்டு சேரித் தாய்மார்களோடு போய் உட்காருங்கள். மனு எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்களைப் பேசவிடுங்கள். பேசினதை அப்படியே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கூடவே அந்த வீட்டுப் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். தன் அம்மா பேசுவதைக் கேட்டு நாலு பேர் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அந்தப் பிள்ளை ஒரு தடவையாவது பார்க்கட்டும்.